பனியன் ஊர் மெஷ்ஷுக்குக் கடலில் ஒரு சொந்தம்!

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில், சட்டத்தில் விறைப்பாக இழுத்து ஒட்டிய மெஷ்ஷைப் பார்த்திருப்பீர்கள். பனியனில் படம் பதிக்கும் அந்தத் துணிக்குக் கடலில் ஒரு பங்காளி உண்டு! விலங்கு மிதவை உயிரிகளைப் பிடிக்கும் ஆய்வு வலையும் அதே வம்சம்தான். ஒரு காலத்தில் இரண்டுக்கும் மாவு சலிக்கும் பட்டுத்துணி. இன்று நைலான், பாலியஸ்டர். ஏன் பின்னல் துணி இல்லை என்று நம் ஊரில் விளக்க வேண்டுமா? இழுத்தால் நீளும், கண் விரியும். இங்கே கண்ணின் அளவு மாறவே கூடாது. அதனால் நெசவு!

வாங்க, கப்பல் தளத்தை எட்டிப் பார்ப்போம். 1960-65 சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் பல நாட்டுக் கப்பல்களுக்கும் ஒரே வலை: வாய் 1 சதுர மீட்டர், கண் 0.33 மில்லிமீட்டர். 200 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, நேராக மேலே இழுத்து, கடல்நீர் பீய்ச்சிக் கழுவினால் அடிக் குடுவையில்... அடடா! இறால் குஞ்சுகள், அம்புப்புழுக்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டம் கூட்டமாகக் கோப்பிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள்! இப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 மாதிரிகள் ஃபார்மலினில் மிதந்தபடி கொச்சிக்கு வந்தன. அங்கே நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து வகை வகையாகப் பிரித்தார்கள்.

கடல் சூடேறினால் இந்தக் குடுவைக்குள் என்ன ஆகும்? மேல்நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடும். அடியிலுள்ள சத்து ஏறி வராது. தாவர மிதவை உயிரிகள் குறையும், அவற்றைத் தின்பவையும் மாறும். 2014-16இல் வடகிழக்குப் பசிபிக்கில் ‘பிளாப்’ என்ற வெப்ப அலை வந்தபோது, கொழுப்பு நிறைந்த வடக்கத்திக் கோப்பிபாடுகள் குறைந்து, கொழுப்பு குறைந்த சின்னத் தெற்கத்தி இனங்கள் பெருகின. கடற்பறவைகள் பட்டினியால் ஆயிரக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. நம் கடலும் தப்பவில்லை: மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் தாவர மிதவை உயிரிகள் 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று 2016இல் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு காட்டியது.

ஆக, வலை நிறைந்ததா என்பது பாதிக் கேள்விதான். எந்த இனம் சிக்கியது என்பதே மீதிப் பாதி. நூலைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்துத் துணி வாங்கும் திருப்பூர்க்காரர் உண்டா? கடலுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். அதே கண் அளவு, அதே ஆழம், ஆண்டு தவறாத இழுவை, இனம் பிரிக்கத் தெரிந்த கண்கள்! விலங்கியல் படிக்கும் கொங்குப் பிள்ளைகளே, துணியில் தேறிய உங்கள் கண்ணுக்கு அந்த நுண்ணோக்கி மேசையில் வேலை காத்திருக்கிறது!