வெள்ளை அங்கிக்குள் ஒரு கைலி

சலாலாவில் நான் அளவெடுத்த முதல் ஆள் ஒரு மீன்காரப் பெரியவர். 1998 ஆகஸ்ட் மாதம். அரபு நாடு என்றால் வெயில் கொளுத்தும் என்று நினைத்துப் போனவனுக்கு, வாசலில் சாரல். ஓமானின் தென்கோடியில் இருக்கும் அந்த ஊரில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும். மலை பச்சையாகிவிடும். ரோட்டோரத்தில் இளநீரும் வாழைப்பழமும் விற்பார்கள். பெரியவர் பழைய அங்கி ஒன்றைக் கையில் மடித்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய துணியும் பனியனுமாக வந்து நின்றார். இதே அளவில் புதுசு வேண்டும் என்று சைகை காட்டினார்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பில் இருந்தது கருநீலக் கட்டம், நடுவில் சிவப்புக் கோடு. கரையில் இரட்டை இழை. எங்கள் தெருவில் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்த அதே கைலி. ஊரை விட்டுக் கிளம்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவர் இடுப்பை விட்டு என் கண் நகரவில்லை. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியின் முனையைத் தொட்டுக் காட்டி, "விஸார்" என்றார். பெயர் தெரியாமல் முழிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

எனக்குக் குமாரபாளையம். காவிரிக்கு இக்கரை நாங்கள், நாமக்கல் மாவட்டம். அக்கரை பவானி, ஈரோடு மாவட்டம். அவர்களுக்கு ஜமக்காளம், எங்களுக்குக் கைலி, லுங்கி, துண்டு. அப்பாவிடம் இரண்டு கைத்தறி இருந்தது. 1991-ல் அதை விற்றுவிட்டு இரண்டு விசைத்தறி போட்டார். நான் தறியில் உட்காரப் பிடிக்காமல் தையல் கற்றுக்கொண்டேன். தையல்தான் என்னைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. பதினோரு வருஷம் சலாலாவில் ஆண்கள் துணி மட்டுமே தைத்தேன்.

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அரபு ஆண்கள் எல்லாரும் ஒரே வெள்ளை அங்கி போட்டிருக்கிற மாதிரித் தெரியும். பக்கத்தில் போனால் நாட்டுக்கு நாடு வேறு. சவூதிக்காரர் அங்கியில் சட்டை மாதிரி விறைப்பான காலர் நிற்கும். ஓமானியரின் திஷ்தாஷாவுக்குக் காலரே கிடையாது. கழுத்து வட்டம், அதைச் சுற்றி மெல்லிய பூவேலை, கழுத்தோரத்திலிருந்து நெஞ்சுக்குத் தொங்கும் ஒரு சின்னக் குஞ்சம். அந்தக் குஞ்சத்துக்கு ஃபுராக்கா என்று பெயர். வெளியே கிளம்பும்போது அதை அத்தரில் தொட்டுக்கொள்வார்கள், அல்லது சாம்பிராணிப் புகையில் காட்டுவார்கள். சாம்பிராணி மரம் சலாலாவைச் சுற்றியுள்ள மலைச்சரிவில்தான் வளர்கிறது. ஹஃபா சந்தைக்குள் நுழைந்தால் நம் வெள்ளிக்கிழமை பூஜை அறை வாசனை அடிக்கும்.

ஃபுராக்கா கட்டுவதைத்தான் எனக்கு முதலில் கொடுத்தார்கள். அங்கியின் நிறத்திலேயே நூல் எடுத்து, பல மடிப்பாக மடித்து, முறுக்கி, தலைப்பில் சுற்றி இறுக்கி, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி விட வேண்டும். முறுக்கு தளர்ந்தால் நாலு தடவை துவைத்ததும் பிரிந்துவிடும். கூடவே இருந்த வங்காளதேசத்து பாய் அதை முப்பது நிமிஷத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தார். நான் மூன்றாவதையே சரியாகக் கட்டிவிட்டேன். எனக்கு அது புதுசே இல்லை. தறியில் ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவைச் சேர்க்கும்போது, சாம்பலைத் தொட்டுக்கொண்டு இழைக்கு இழை முறுக்கிப் பிணைப்போம். ஆயிரக்கணக்கான இழை. சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து பிணைத்த விரல் அது.

அங்கித் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். எங்கள் கடையில் விலை கூடிய தான்கள் எல்லாம் ஜப்பான் துணி. டொயோபோ, ஷிகிபோ என்ற ஜப்பான் ஆலைகள் பல பத்தாண்டுகளாக அரபு அங்கிக்கென்றே துணி நெய்கின்றன. தொட்டால் பருத்தி மாதிரி, தூக்கினால் பட்டு மாதிரி விழும். ஆனால் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த இழை. கசங்காது. வெள்ளையிலேயே பால் வெள்ளை, நீலம் ஓடிய வெள்ளை, தந்த வெள்ளை என்று வரிசையாக அடுக்கியிருப்போம். வாடிக்கையாளர் வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்த்துத்தான் சொல்வார். வந்த புதிதில் அப்படி ஒரு தானில் நீளம் தப்பாகப் போட்டு வெட்டிவிட்டேன். நாலு விரல் குறைந்துபோனது. அந்தக் காசை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதோடு போகட்டும் என்று விட்டிருக்கலாம், கடைக்காரர் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஊருக்கு விடவில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நான் பக்கத்தில் இல்லை. அந்தக் கடையை விட்டு வேறு கடைக்கு மாறிய பிறகுதான் மனுஷனாக மூச்சு விட்டேன்.

அங்கிக்குள்ளே இருப்பது விஸார். கைலிதான். வீட்டில் இருக்கும்போதும் கடலுக்குப் போகும்போதும் அதுவே வெளி உடை. சலாலாப் பக்கம் ஆண்கள் விஸார் கட்டி, மேலே சட்டை போட்டு, சந்தைக்கே வருவார்கள். ஹஜ்ஜுக்குப் போகிற ஆண்கள் இடுப்பில் உடுத்தும் தைக்காத வெள்ளைத் துணிக்கு இஸார் என்று பெயர். விஸார் என்பது அதே சொல்தான், வளைகுடாவின் வாயில் கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஓமானில் நெசவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சூர் என்ற துறைமுக ஊரில் குழித்தறி போட்டு விஸார் நெய்திருக்கிறார்கள். தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதிபலகையை மிதிக்கும் தறி. அப்பா விற்ற தறியும் அதே மாதிரிக் குழித்தறிதான். நிஸ்வா, பஹ்லா ஊர்களில் அவுரி போட்டுத் துணிக்கு நீலம் தோய்த்தார்கள். 1970-க்குப் பிறகு எண்ணெய்ப் பணம் வந்தது, ரோடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. தறியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இறக்குமதித் துணிதான் மலிவு என்றான பிறகு எந்த ஊர்த் தறி நிற்கும்?

அதற்கு முன்பே நம் துணி அங்கே போய்க்கொண்டுதான் இருந்தது. இப்னு பதூதா என்ற மொராக்கோப் பயணி, 1330-ஐ ஒட்டிய வருஷங்களில் தோஃபாருக்கு வந்தார். இன்றைய சலாலா இருக்கிற பகுதி அதுதான். அங்குள்ளவர்கள் இந்தியாவிலிருந்து வரும் பருத்தித் துணியை உடுத்துகிறார்கள் என்றும், கால்சட்டைக்குப் பதில் இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொள்கிறார்கள் என்றும், வெக்கைக்கு முதுகில் இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மலையாளி வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன்காரப் பெரியவர் கட்டியிருந்த துணிக்குக் கிட்டத்தட்ட எழுநூறு வருஷத்து வழி இருக்கிறது. அந்த வழியின் இந்த முனையில் என் அப்பா மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்திருப்பார். அவர் பேர் யாருக்கும் தெரியாது.

ஓமானியர் இன்றும் தங்கள் கையால் செய்வது ஒன்று உண்டு. தலையில் வைக்கும் கும்மா என்ற தொப்பி. வெள்ளைத் துணியில் ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட்டு, துளைக்குத் துளை நூல் சுற்றிப் பூவேலை செய்வார்கள். வீட்டுப் பெண்கள் செய்கிற வேலை. ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுச் செய்தது, ஆர அமரச் செய்தது என்று உள்ளூர்க்காரர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். கும்மாவின் மேல் சுற்றுகிற மஸ்ஸர் தலைப்பாகைக்கோ நல்ல ரகம் என்றால் காஷ்மீர்க் கம்பளி.

அரசு அலுவலகத்துக்கு வருகிற ஓமானிய ஆண் திஷ்தாஷாவும் மஸ்ஸரும் அணிந்துதான் வர வேண்டும். பையன்கள் பள்ளிக்கூடத்துக்கே திஷ்தாஷா போட்டுப் போகிறார்கள். பெருநாளுக்குப் புது அங்கி இல்லாத வீடு கிடையாது. நோன்பு பாதி கடந்ததும் இனி ஆர்டர் எடுப்பதில்லை என்று வாசலில் எழுதி ஒட்டிவிடுவோம். விடிய விடிய மெஷின் ஓடும். ஒரு நாட்டு ஆண்கள் தங்கள் உடுப்பை விடாமல் உடுத்துகிறார்கள் என்ற ஒரே காரணத்தால் ஜப்பானில் ஆலை ஓடுகிறது, வங்காளதேசத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது, குமாரபாளையத்தில் என் தங்கை கல்யாணம் நடந்தது. நான் அங்கே கற்றுக்கொண்டது தையலைவிட இதைத்தான். துணியை நெய்கிறவன் காப்பாற்றுவதில்லை, உடுத்துகிறவன்தான் காப்பாற்றுகிறான்.

தங்கையைக் கொடுத்தது ஆத்தூர்ப் பக்கம். சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடி. அவள் மாமனார் சுவின் பருத்தி போட்டவர். சுவின் என்பது கோவைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1974-ல் வெளியான ரகம். சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற கரீபியன் தீவு ரகத்தையும் ஒட்டுச் சேர்த்தது. இரண்டு பெயரையும் இணைத்துத்தான் சுவின். அந்த சுஜாதா, எகிப்தின் கார்னக் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்தது. ஆக ஆத்தூர் மண்ணில் வெடித்த காய்க்குள் ஓர் அரபு நாட்டு விதையின் வம்சம் இருந்தது.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். நூலின் நம்பரைச் சொன்னால் புரியும். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு பஞ்சில் 60 சிட்டம் நூற்றால் அது 60-ம் நம்பர் நூல். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான பஞ்சு 46 கிலோமீட்டர் நீளும். சேலத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் கிட்டத்தட்ட நாமக்கல் வந்துவிடும். எங்கள் நல்ல கைலிக்கு 60-ம் நம்பர் போடுவோம். சுவின் பஞ்சில் 120-ம் நம்பரே நூற்கலாம், அதன் இரட்டிப்புத் தூரம். அவ்வளவு நீள இழை. ஆனால் பயிர் முதிர மாதக்கணக்கில் ஆகும், பூச்சி வரும், பறிக்க ஆள் வேண்டும், விலை நிச்சயமில்லை. மாமனார் பருத்தியை விட்டு மரவள்ளிக்கு மாறிவிட்டார். ஆத்தூரைச் சுற்றி இன்று சுவின் செடியைக் காட்டச் சொன்னால் தேடித்தான் காட்ட வேண்டும்.

2009-ல் ஊர் திரும்பினேன். அப்பா இல்லை. தறி இருந்தது. கையில் இருந்த பணத்தில் இன்னும் இரண்டு சேர்த்து நாலு ஆக்கினேன். கட்டம் போட்ட கைலிக்குச் சாதாரணத் தறி போதாது. ஊடையில் நிறம் மாற மாற நாடா மாற வேண்டும், அதற்குப் பெட்டி ஏறி இறங்கும் தறி வேண்டும். ஒரு நாடா தப்பிப் பாய்ந்தால் கட்டம் கோணிவிடும், அந்தக் கைலி செகண்ட்ஸ்.

1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. 1996-ல் அது 11 ஆனது. அந்தப் பதினொன்றில் லுங்கியும் உண்டு. சட்டம் அப்படி இருக்க, எங்கள் ஊரில் கைத்தறி ஒவ்வொன்றாக விசைத்தறியாகிவிட்டது. அதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் கொடுத்தது, 2023-ல் ஆயிரமாக்கியது. அது இல்லையென்றால் என் நாலு தறியில் இரண்டை எடைக்குப் போட்டிருப்பேன். நூல் விலை வாரத்துக்கு வாரம் ஆடுகிறது. மீட்டர் கூலி ஆடுவதில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் காவிரியில் கலப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமையாக மட்டும் பேச என்னால் முடியாது. சின்ன வயசில் நாங்கள் குடித்த தண்ணீர் அது.

இதையெல்லாம்விட மனசை அறுப்பது வேறு. கைலி நெய்கிற தெருவில் கைலி கட்டுகிற பையன் இல்லை. எல்லாரும் அரைக்கால் டிரவுசர். என் பையன் பொறியியல் கல்லூரி விடுதியில் கைலியோடு நடமாடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். "வேட்டின்னாக்கூடப் பரவால்லீங்கப்பா, கல்யாணத்துக்குக் கட்டலாம். கைலியப் பார்த்தா சிரிக்கறாங்க" என்றான். சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, மரியாதை இருக்கிறது. கைலி உழைக்கிறவன் துணி. சலாலாவில் பெரிய பதவியில் இருந்தவர்களும் வீட்டுத் திண்ணையில் விஸாரோடு உட்கார்ந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

போன மாதம் ஈரோட்டு யாவாரி ஒருவர் மூலம் வளைகுடாவுக்கு ஒரு ஆர்டர் வந்தது. மாதிரித் துண்டு அனுப்பியிருந்தார்கள். கருநீலக் கட்டம், நடுவில் சிவப்பு. இழையை எண்ணிப் பார்த்தேன். கரையில் இரட்டை இழை கேட்கவில்லை, நானாகப் போட்டேன். பாவு இறங்கி முதல் மடி அறுத்ததும், எங்கள் கைலிகளை மூட்டித் தருகிற எதிர்வீட்டு அம்மிணியிடம் கொண்டுபோனேன். அவர் துணியை விரித்து, இரண்டு மீட்டரை முழம் போட்டுப் பார்த்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தார்.

"இதை மூட்ட வேண்டாங்க. மடிச்சு மட்டும் குடுங்க" என்றேன்.

"மூட்டாம எப்படிங்கண்ணா கட்டுவாங்க?"

அந்தப் பெரியவர் கட்டியிருந்த மாதிரியே இடுப்பில் சுற்றி, முனையைச் செருகிக் காட்டினேன்.