இடாப்பில் ஒருவர், உரிமையில் இன்னொருவர்

காலையில் வகுப்புக்குள் போனதும் நான் முதலில் எடுப்பது இடாப்பைத்தான். பெயர் கூப்பிட்டால் "வந்திருக்கிறேன் சேர்" என்று குரல் வரும். சில நாள் குரல் பக்கத்து வாங்குக்காரனுடையது. பெயருக்குரியவன் கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருப்பான். கம்பனிச் சட்டத்திலும் இதே சிக்கல் உண்டு.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒவ்வொரு கம்பனியும் பங்கு இடாப்பு வைத்திருக்க வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு, அவருடைய முகவரி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். இலாபப் பங்கும் வாக்கும் இடாப்பில் பெயருள்ளவருக்கே. காசு யாருடையது என்று கம்பனி கேட்காது.

கண்டக்குழியில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா. அவருடைய மாப்பிள்ளை மீன் வியாபாரத்தில் சேர்த்த காசைக் கூட்டாளியிடம் கொடுத்து ஒரு சிறிய ஐஸ் கம்பனியில் பங்கு எடுத்தார். "நமக்குள்ள என்ன எழுத்து?" என்று கூட்டாளியின் பேரிலேயே போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை மௌத்தானார். கூட்டாளி நல்ல மனிசன், மறுக்கவில்லை. ஆனால் அவரும் இப்போது நோயாளி. "அவரும் கண்ண மூடினா, அவர்ட பிள்ளைகள் ஒத்துக்கொள்வாங்களா சேர்?" என்று ராத்தா கேட்டார். பயம் நியாயமானது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி கூட்டாளியின் சொத்தைப் பிரிக்கும்போது, இந்த அமானிதமும் அதோடு சேர்ந்து பிரிந்துவிடலாம்.

2025ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடுகிறது. பங்கை உண்மையில் அனுபவிக்கிற, கம்பனியை ஆட்டிவைக்கிற மனிதர் யார் என்பதைக் கம்பனி அறிந்து, கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். ஒரு கம்பனியின் பங்கை இன்னொரு கம்பனி வைத்திருந்தாலும், கடைசியில் நிற்கிற மனிதர்வரை போகவேண்டும். கறுப்புப் பணமும் களவுச் சொத்தும் பினாமிப் பெயரில் ஒளிவதைத் தடுப்பதே நோக்கம். பிரித்தானியா இதை 2016இலேயே தொடங்கிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறிவிப்பு வேறு, உரிமை மாற்றம் வேறு. அறிவித்ததால் மட்டும் ராத்தாவின் பிள்ளைகள் பங்காளராக மாட்டார்கள். கூட்டாளி உயிரோடிருக்கும்போதே பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, அது இடாப்பில் ஏற வேண்டும். அதற்குள், பங்கு யாருக்குரியது என்று சாட்சிகளோடு நொத்தாரிசு முன்னால் எழுதிக்கொள்வது நல்லது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்தை (2:282) ஓதாதவர் நம்மில் யார்?

கூட்டாளி சம்மதித்துவிட்டார். இடாப்பில் இன்னும் பெயர் மாறவில்லை. ராத்தா வாரம் ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.