ஏரிச் சேற்றில் இருந்து மின்சாரம்... நெய்வேலி நிலக்கரிக்கு மாற்றாகுமா?

பண்ருட்டி, நெய்வேலி பக்கம் கரன்ட் என்றாலே பழுப்பு நிலக்கரிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஏரி, குளத்துச் சேற்றில் இருந்தும் மின்சாரம் எடுக்கலாம், கூடவே தண்ணீரையும் சுத்தப்படுத்தலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அது எப்படி?

எப்படி வேலை செய்யுது?

சேற்றில் மட்கும் இலைதழை, கழிவுகளைச் சில பாக்டீரியாக்கள் தின்கின்றன. அப்போது வெளியாகும் எலக்ட்ரானை எங்காவது இறக்கிவிட வேண்டும். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அங்கே ஒரு கார்பன் தகட்டைப் புதைத்தால், எலக்ட்ரானை அதில் இறக்கிவிடும். இன்னொரு தகட்டை மேலே தண்ணீரில் வைத்து, இரண்டையும் ஒயரால் இணைத்தால் கரன்ட் ஓடும். இதுதான் 'சேற்று நுண்ணுயிர் எரிபொருள் கலன்'. இப்படி வேலை செய்யும் ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா, 1987-ல் அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றுச் சேற்றில் கிடைத்தது.

எவ்வளவு கரன்ட் வரும்?

இங்கதான் சிக்கலே. ஒரு கலனில் 1 வோல்ட்கூடத் தாண்டாது. ஒரு சதுர மீட்டருக்கு 20 மில்லிவாட் என்று வைத்துக்கொண்டால், 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எரிய 450 சதுர மீட்டர் சேறு வேண்டும். நெய்வேலி புதிய அனல்மின் நிலையத்தின் திறன் 1,000 மெகாவாட். அதற்கு ஈடுகட்ட 50,000 சதுர கிலோமீட்டர் தேவை. அதாவது, தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

அப்போ எதுக்குப் பயன்படும்?

ஆள் போக முடியாத இடத்தில் இருக்கும் சிறு கருவிகளுக்கு. பொடோமாக் ஆற்றில் ஒரு வானிலை மிதவையை இந்த முறையிலேயே இயக்கிக் காட்டிய அமெரிக்கக் கடற்படை ஆய்வகம், 2008-ல் அந்த முடிவுகளை வெளியிட்டது. பேட்டரி மாற்றும் வேலையே இல்லை.

தண்ணீர் சுத்தமாகுமா?

அடிச்சேற்றில் தேங்கும் கரிமக் கழிவு வேகமாகச் சிதையும். நாற்றத்துக்குக் காரணமான வாயுக்களும் குறையும். மீன் வளர்ப்புக் குளத்து நீரை இப்படிச் சுத்திகரிக்கும் ஆய்வை ஐஐடி கரக்பூர் குழு 2013-ல் வெளியிட்டது.

நம்ம ஊருக்கு?

நெய்வேலி சுரங்க நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனத்துக்குப் போகிறது. அங்கே படியும் நிலக்கரிச் சாம்பலையும் மண்ணையும் எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. அதற்குத் தூர்வாருவதுதான் வழி. சாக்கடை கலக்கும் ஊர்க்குளங்களில் இந்த முறை கைகொடுக்கலாம். மற்றபடி, கரன்ட் பில் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்!