பல் சக்கரமா, தறி நாடாவா?

பச்சை குத்திக்கொள்வது என்றால் நம் வீடுகளில் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. "அந்தக் காலத்திலே அம்மிச்சி கையிலே கோலம் குத்தியிருந்தாங்களே, அதிலே என்ன தப்பு?" என்பது ஒரு கட்சி. "அம்மிச்சி குத்திக்கிட்டது வேறே, நீ குத்திக்கிறது வேறே!" என்பது எதிர்க் கட்சி. எதிர்க் கட்சியின் தலைவி பெரும்பாலும் அம்மாதான் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பழைய வழக்கில் இப்போது ஒரு புதிய சங்கதி சேர்ந்திருக்கிறது. ரோஜாப்பூ, பட்டாம்பூச்சி வரிசையில் யந்திரங்களும் கைமேல் ஏறிவிட்டன. பல் சக்கரம், கடிகாரத்தின் உள்ளுறுப்புகள், பிஸ்டன், தோல் கிழிந்து உள்ளே இரும்புத் தண்டு தெரிவது போன்ற பயங்கரச் சித்திரம், இப்படி எத்தனையோ மாதிரிகள்! கடைசியாகச் சொன்ன மாதிரிக்குப் பெரிய தூண்டுகோலாக இருந்தவர், 1979ல் வெளிவந்த 'ஏலியன்' படத்தின் விசித்திரப் பிராணியைக் கற்பனை செய்த ஸ்விட்சர்லாந்துச் சித்திரக்காரர் கீகர்.

யந்திரத்தை உடம்பில் வரைவது ஒன்றும் பொருத்தமில்லாத காரியம் அல்ல. பச்சை குத்தும் கருவியே ஒரு யந்திரம்தானே! காகிதத்தில் சிறு துளைகளிட்டு நகல் எடுப்பதற்காக எடிசன் ஒரு மின்சாரப் பேனாவைச் செய்து, 1876ல் அதற்கு உரிமை பெற்றார். அதே தத்துவத்தை வைத்து, நியூயார்க்கில் பச்சை குத்தும் தொழில் செய்துவந்த சாமுவேல் ஓரெய்லி என்பவர் 1891ல் மின்சாரக் கருவிக்கு உரிமை வாங்கினார். காகிதத்தைக் குத்திய ஊசி அன்றிலிருந்து மனிதர்களைக் குத்த ஆரம்பித்தது!

நம் ஊரில் மின்சாரமும் கிடையாது, கருவியும் கிடையாது. குறத்தி வருவாள், திண்ணையில் உட்காருவாள், கையைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடியே வேலையை முடித்துவிடுவாள். அவள் மை தயாரிக்கும் முறையை எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள் பற்றிய நூலில் விவரித்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். கறுப்புக் கரிதான், ஆனாலும் தோலுக்கு அடியில் போய்விட்டால் பச்சையும் நீலமுமாகத் தெரியும்.

'சும்மா' என்ற பதில்

இனி சோமனூருக்கு வருவோம். கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில் விசைத்தறி ஓடும் தெருக்களில் பேச வேண்டுமானால் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். 1932ல் பைகாரா மின்சாரம் வந்த பிறகு கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. விசைத்தறியும் பின்னால் வந்து சேர்ந்தது. ஜவுளிக்காரர் பாவும் ஊடை நூலும் தருவார். தறிக்காரர் கூலிக்குக் காடா துணி நெய்து கொடுப்பார்.

அப்படிப்பட்ட தறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, படிப்பை முடித்து வேலையிலும் சேர்ந்தவள், முதன்முதலாகப் பச்சை குத்திக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடை ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அம்மாவிடம் காட்டுகிறாள். மூன்று பல் சக்கரங்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருக்கின்றன.

"ஏங்கண்ணு, இத்தனை சக்கரம் எதுக்கு?"

"சும்மாதாம்மா. பாக்க நல்லா இருக்குது."

"அப்பாகிட்டக் காட்டுனியா?"

அம்மாவின் கேள்வியில் விஷயம் இருக்கிறது. தறி ஓட்டும் அப்பா அந்தப் படத்தைப் பார்த்தால், "இது சுத்தாதே சாமி!" என்பார். அது வாஸ்தவம். முதல் சக்கரம் வலமாகச் சுற்றினால், அதோடு பல் கோத்த இரண்டாவது இடமாகச் சுற்ற வேண்டும். மூன்றாவதோ இரண்டாவதைத் தொடுவதால் வலமாகவும், முதலாவதைத் தொடுவதால் இடமாகவும் சுற்றியாக வேண்டும்! முடியுமா? மூன்றும் இறுகி நின்றுவிடும். வட்டமாகக் கோத்த சக்கரங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் இதுதான் கதி.

இதில் பெரிய இடத்துக்காரர்களும் தப்பவில்லை. பிரிட்டனில் 1998ல் புழக்கத்துக்கு வந்த இரண்டு பவுன் நாணயத்தில் தொழில் யுகத்தைக் குறிக்கச் சக்கரங்களை வளையமாகப் பொறித்தார்கள். எண்ணிப் பார்த்தால் 19! ஓடாத யந்திரம் நாணயத்தில் இருந்தால் செலவழித்துவிடலாம். கையில் இருந்தால் என்ன செய்வது?

வீட்டிலேயே இருக்கிறது மாதிரி

ஆல்பத்தை மூடிவிட்டு அந்தப் பெண் தறிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கட்டும். அங்கே நிஜமான சக்கர ஜோடி ஒன்று இருக்கிறது. சாதாரண விசைத்தறியில் மேல் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் நாடா ஒரு தடவை பாயும். கீழ்த் தண்டு அதற்குள் அரைச் சுற்றுத்தான் சுற்றும். ஏனென்றால், நாடாவை ஒரு தரம் இடப்புறமிருந்தும் மறு தரம் வலப்புறமிருந்தும் மாற்றி மாற்றி அடிக்கும் வேலை அதனுடையது. போய் வந்தால்தானே ஒரு கணக்கு முடியும்? ஆகையால் கீழ்த் தண்டின் சக்கரத்துக்கு மேல் சக்கரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு பற்கள். இந்த இரண்டு சக்கரங்களை மட்டும் பற்களை எண்ணி வரைந்தால் போதும். பார்த்தவுடன் தறிக்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

சக்கரமே வேண்டாம் என்றால் நாடா இருக்கிறது. இங்கிலாந்தின் ஜான் கே 1733ல் பறக்கும் நாடாவுக்கு உரிமை பெற்றார். கார்ட்ரைட் 1785ல் விசைத்தறிக்கு உரிமை பெற்றார். அன்று முதல் எத்தனையோ மாறியும் படகு போன்ற அந்த வடிவம் மாறவில்லை. இரு முனையும் கூராக நீண்டிருப்பதால், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே அளவெடுத்தாற்போல் பொருந்தும். உள்ளே நூல் சுற்றிய தார், ஓரத்தில் நூல் வெளிவரும் சிறு கண். அவ்வளவுதான் சித்திரம். வட்டச் சக்கரத்துக்கு இந்தச் சௌகரியம் இல்லை. உருண்டையான கையில் அது பக்கவாட்டில் கோழி முட்டையாகத் தெரியும். கையைத் திருப்பினால் இன்னும் கோணும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று பல இடங்களில் நாடா இல்லாத தறிகள் வந்துவிட்டன. 2022ன் தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு இந்த வட்டாரத்துத் தறிகள் வாரக் கணக்கில் நின்றன. கட்டுப்படியாகாமல் தறியைப் பழைய இரும்புக்கு எடை போட்டவர்களும் இருக்கிறார்கள். பீஸ் கட்டியது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அந்தத் தறி என்று தெரிந்த பெண் அதன் நாடாவைக் கையில் ஏற்றிக்கொண்டால், 'சும்மா' என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை. அம்மாவின் ஆக்ஷேபணை அப்போதும் தீர்ந்துவிடாது. ஆனால் பேச்சு வேறு விதமாகப் போகும்!

ஊசி இறங்கும் முன்

யந்திரச் சித்திரத்தில் நுணுக்கம் அதிகம், அங்கேதான் ஆபத்தும். தோலுக்குள் போன மை வருஷக் கணக்கில் சிறிது சிறிதாகப் பரவும். கடுகளவு பற்களை நெருக்கமாக வரைந்தால், பிற்காலத்தில் சக்கரம் வெறும் வட்டமாகிவிடும். அம்மிச்சியின் கோலத்தைப் பாருங்கள்: புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பாள் குறத்தி. கோடு தடித்தும் கோலம் கலையவில்லை. அந்தக் கணக்கை இன்றைக்கும் பின்பற்றலாம். சித்திரம் பெரிதாகவும், உறுப்புகள் குறைவாகவும், நடுவே வெற்றுத் தோல் போதுமானதாகவும் இருக்கட்டும்.

திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் பத்துப் பேருக்குக் குத்துகிற இடத்துக்குப் போகவே கூடாது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் ஊசி வழியே பரவக்கூடியவை. புது ஊசியை நம் கண்ணெதிரே பிரிக்க வேண்டும்; மையைப் புதுக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். சர்க்கரை வியாதியோ, காயம் ஆறினால் தழும்பு தடித்து வளரும் சுபாவமோ உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்பது நல்லது. குத்திக்கொண்டபின் ஓராண்டுக்கு ரத்த தானம் செய்ய முடியாது. போலீஸ், ராணுவ வேலைக்குப் போக எண்ணமிருந்தால் உடம்பில் எங்கே பச்சை இருக்கலாம் என்ற விதிகளை முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். தறி வீடானால் புண் ஆறும் வரை பஞ்சுத் தூசியும் தறி எண்ணெயும் படாமல் கையைக் காப்பாற்றுவதும் அவசியம்.

"பிடிக்காவிட்டால் லேசர் வைத்து எடுத்துவிடலாமே?" என்று கேட்கலாம். எடுக்கலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. வாரக் கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். செலவும் வலியும் குத்தியதைவிட அதிகம். அப்படியும் சுவடு தங்கிவிடுவதுண்டு.

ஆகவே, குத்திக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கு ஒரு யோசனை. தேர்ந்தெடுத்த சித்திரத்தைக் காகிதத்தில் வரைந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். தீபாவளியிலிருந்து சித்திரை வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும். தலை வாரும்போதெல்லாம் கண்ணில் படும். அதற்குள் சலித்துவிட்டால் காகிதத்தோடு போயிற்று. சலிக்கவில்லையென்றால், இது என்ன யந்திரம், எப்படி ஓடுகிறது, நமக்கு என்ன உறவு என்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். தடுமாறாமல் சொல்ல முடிந்தால், அந்தச் சித்திரம் உங்களுடையதுதான்.