விருந்துக்குச் சென்ற பிள்ளை

பிற நாடு சென்று ஓராண்டு பயிலும் பள்ளி மாணாக்கரைப் பற்றிப் பேசுவோர், அவர்கள் பெற்றுவரும் மொழிப் புலமையையும் உலக அறிவையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அவை பொய்யல்ல. ஆயினும் இப்பேச்சு எழும்போதெல்லாம் என் நெஞ்சு யப்பானிலுள்ள நகோயா நகரத்து வீடொன்றையே நாடுகின்றது.

அம்மாணாக்கரை அனுப்பிவரும் ஏ.எப்.எஸ். இயக்கத்தின் பிறப்பை முதலிற் கூறவேண்டும். முதலாம் உலகப் போரிலே பிரான்சுப் போர்க்களத்திற் காயமுற்றோரை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் அம்புலன்ஸ் அணியே அது. இரண்டாம் போர் முடிந்ததும், காயம்பட்டோரைத் தூக்குவதினும் காயம் நேராது காத்தல் நன்றென எண்ணினர் போலும். 1947இல் உயர்தரப் பாடசாலை மாணாக்கரை அயல்நாட்டுக் குடும்பங்களிலே பிள்ளைகளாக வாழவைக்கத் தொடங்கினர். விடுதியன்று, வீடு, இதுவே அத்திட்டத்தின் உயிர்நாடி.

1992இல் அவ்வாறு சென்றவன் யோஷிஹிரோ ஹத்தோரி. வயது 16. லூசியானா மாநிலத்துப் பேற்றன் றூஜ் நகரிலே, பௌதிகப் பேராசிரியர் ஒருவரின் இல்லத்திற் தங்கினான். ஒக்ரோபர் 17ஆந் திகதி மாலை, அவ்வீட்டுப் பையனுடன் மாறுவேட விருந்தொன்றுக்குப் புறப்பட்டான். வெண்ணிற உடை, நடனப் படமொன்றின் நாயகன் கோலம். வீட்டிலக்கம் பிழைத்துவிட்டது. வேறொரு வீட்டு வாசலில் நின்றனர். வீட்டுக்காரர் துப்பாக்கியுடன் வந்து, அசையாதே என்று ஆங்கிலத்திற் கூவினார். அச்சொல் அவனுக்கு விளங்கிற்றோ, யாரறிவார்? விருந்துக்கு வந்திருப்பதாகச் சொல்லியபடியே முன்னே சென்றான். ஒரே வெடி. அம்புலன்ஸிலேயே உயிர் பிரிந்தது.

மறு ஆண்டு மே மாதத்தில் யூரிமார், சுட்டவரைக் குற்றவாளியல்லர் என விடுவித்தனர்.

மகனை இழந்தோர் இரு வீட்டார் என்றே சொல்லவேண்டும். பெற்றோர் அமெரிக்கரை வெறுத்திருக்கலாம். வெறுத்திருப்பின் குறைகூற எவருக்கும் வாயில்லை. அவர்களோ, அமெரிக்க வீடுகளிலிருந்து துப்பாக்கி அகலவேண்டுமென விண்ணப்பம் எழுதினர். சுமார் 17 இலட்சம் யப்பானியர் ஒப்பமிட்டனர். பேற்றன் றூஜ் தம்பதியர் தம் நாட்டிலே, தம் அயலவரிடமே, ஒப்பம் திரட்டினர். துப்பாக்கியை உரிமையெனப் போற்றும் ஊரில் அது இலகுவான காரியமன்று. இவ்விரு குடும்பத்தாருக்கும் இடையில் அவன் தங்கிய சில வாரங்களைத் தவிர வேறென்ன உறவு இருந்தது?

1993 நவம்பரில் ஹத்தோரியின் பெற்றோர் சனாதிபதி கிளின்ரனைச் சந்தித்தனர். அம்மாத முடிவிலே, கைத்துப்பாக்கி வாங்குவோரின் பூர்வோத்தரத்தை ஆராயும் பிரேடிச் சட்டம் கைச்சாத்தாயிற்று. விண்ணப்பத்தாலேதான் அது நிறைவேறிற்று என நான் சாதிக்கமாட்டேன்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. பெற்றோர் மகன் பெயரால் ஒரு நிதியம் அமைத்தனர். அதன் உதவியால் அமெரிக்க உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள் யப்பானுக்கு வந்தனர். முன்பின் அறியாத வீடுகளின் வாசலிலே பாதரட்சை கழற்றி, உள்ளே அழைக்கப்பட்டனர்.