நடிக்கலைங்க, சதை பிடிச்சுக்கிச்சு!



போன மாதம் நடந்த கபடிப் போட்டியில், கடைசி ரெய்டில், நடுக்கோட்டைத் தொட அரை அடி இருக்கும்போது நான் விழுந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பிடித்துவிட்டார்கள், தோற்றோம். "நல்லா நடிக்கிறான்டா" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நடிப்பு இல்லை நண்பர்களே. வலது கெண்டைக்கால் சதை உருண்டு கல்லு மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்குப் போனதும் எங்க ஆயா, "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று எண்ணெய் தேய்த்துவிட்டார். உண்மையில் எதுதான் இழுத்தது என்று பார்க்க விலங்கியல் புத்தகத்தை எடுத்தேன். (பரீட்சை இல்லாத நேரத்தில்! அம்மாவே ஆச்சரியப்பட்டார்.)

நம் உடம்பில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் இருக்கின்றன. வேகவைத்த ஆட்டுக்கறியைப் பிய்த்தால் நார் நாராக வருமே, அந்த ஒவ்வொரு நாரும் பல தசையிழைகள் சேர்ந்த கற்றை. ஒரு தசையிழை என்பது ஒரே ஒரு செல். ஆனால் அதற்குள் பல உட்கருக்கள். செல்லுக்குள்ளே இன்னும் மெல்லிய நுண்ணிழைகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த நுண்ணிழை, ரயில் பெட்டிகள் மாதிரி, சார்கோமியர் என்ற சின்னச் சின்ன அறைகளாகக் கோக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறையின் நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 400 அறைகள்! நுண்ணோக்கியில் இது வரிவரியாகத் தெரிவதால்தான் வரித்தசை என்றும் பெயர்.

ஒவ்வொரு அறையிலும் ஆக்டின் என்ற மெல்லிய இழையும் மையோசின் என்ற தடித்த இழையும் உண்டு. தசை சுருங்கும்போது இந்த இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. இதை 1954-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து, 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் எழுதின. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே. இன்னொன்றில் ஹக் ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன். இரண்டு ஹக்ஸ்லிகளும் சொந்தக்காரர்கள் இல்லை! (குழம்பாதீர்கள், நான் குழம்பினேன்.)

கிணற்றில் தண்ணீர் சேந்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடிக்கிறோம், இழுக்கிறோம், விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறோம். கயிறு குட்டையாவதில்லை, ஆனால் வாளி மேலே வருகிறது. ஆக்டின்தான் கயிறு. மையோசினில் இருக்கும் குட்டிக் குட்டித் தலைகள்தான் கைகள். நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் செல்லுக்குள் கால்சியம் அயனிகள் வெளிவரும். அதுவரை மூடியிருந்த ஆக்டினின் பிடிக்கும் இடங்கள் திறக்கும். கைகள் பிடித்து இழுக்கும்.

எனக்கு அதிசயமாக இருந்தது இதற்கு அடுத்த விஷயம்தான். பிடித்த கை விடணும் என்றால் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு வந்து ஒட்டணும். வெளிவந்த கால்சியத்தைத் திரும்பச் சேமிப்பறைக்குள் அனுப்பவும் ஏ.டி.பி. வேணும். இழுக்கிறதுக்குத்தான் சக்தி வேணும்னு நினைச்சிருந்தேன், விடுறதுக்கும் வேணுமாம்!

இதைப் படித்தபோது எங்க தாத்தா ஞாபகம் வந்தது. நான் நாலாவது படிக்கும்போது திண்ணையில் தூங்கியவர் ராத்திரியே இறந்துபோனார். காலையில் பார்த்தபோது போர்வையைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. பெரியவர்கள் விரலைப் பிரிக்கப் பார்த்தும் முடியவில்லை. "போக மனசில்லை மனுசனுக்கு" என்று யாரோ சொன்னார்கள். ரொம்ப நாள் எனக்கு அந்தக் கை பயமாக இருந்தது. இறந்த பிறகு உடம்பில் புதிதாக ஏ.டி.பி. உண்டாவதில்லை. அதனால் பிடித்த மையோசின் தலைகள் அப்படியே நின்றுவிடுகின்றன. சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கி, புரதங்கள் சிதையச் சிதைய ஒன்றிரண்டு நாளில் தானே தளர்ந்துவிடும். நம்ம ஊரில் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதையும், வாய்க்கட்டு கட்டுவதையும் தாமதிக்காமல் செய்வார்கள். விறைத்த பிறகு செய்வது கஷ்டம் என்று இப்போது புரிகிறது. தாத்தா எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

என் கெண்டைக்காலில் நடந்தது வேறு. அங்கே நரம்பு நிறுத்தாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது, தசை சுருங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆக, இழுத்தது சதை, இழுக்கச் சொன்னது நரம்பு. ஆயா சொன்னது பாதி சரி! (சொன்னேன், "பாதி என்னடா பாதி" என்று திட்டு விழுந்தது.)

அப்படிப் பிடித்தால் முழங்காலை நேராக நீட்டி, பாதத்தின் முன்பக்கத்தைப் பிடித்து மெதுவாக உங்கள் பக்கமாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சதை நீளும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி விடும்.

அடுத்த மேட்ச்சில் யாராவது இப்படி விழுந்தால், நடிக்கிறானா என்று சந்தேகம் வந்தால், கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்க. கல்லா இருந்தா நடிப்பு இல்லை.

– 11 'ஆ' பிரிவு, கபடிக் குழு