மனச்சங்கடமும் தீங்கும்

கல்லூரி மாணாக்கர்க்குக் கற்பிப்போர் இரண்டு நிலைகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒன்று மனச்சங்கடம், மற்றொன்று தீங்கு. அறியாத உண்மையைக் கேட்கும்போதும், நெடுநாள் நம்பியதை மறுக்கும் கருத்தை எதிர்கொள்ளும்போதும் உள்ளம் சங்கடப்படுகிறது. அது கல்வியின் ஒரு பகுதியே. ஆனால், பேச்சு பாடப்பொருளை விட்டு விலகி, வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணாக்கர் ஒருவரையே இழிவுக்கு இலக்காக்கும்போது விளைவது தீங்கு. முன்னதில் மாணாக்கருக்குத் துணை நிற்றல் வேண்டும்; பின்னதைத் தடுத்தல் வேண்டும்.

இவ்வேற்றுமையை விளக்க நம் நாட்டிலேயே சான்று உண்டு. பின்னாளில் தேசிய இலக்கியவாதியாகச் சிறப்பிக்கப்பெற்ற அப்துல்லா உசேன் 1967இல் எழுதிய ‘இண்டர்லோக்’ என்னும் மலாய் நாவல், 1971இல் நூலாக வெளிவந்தது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதை அது. 2011இல் சில மாநிலங்களில் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாயிற்று. இந்தியத் தொழிலாளரைப் பறையர் என்னும் சாதிப் பெயரால் குறிக்கும் பகுதி பெரும் எதிர்ப்பை எழுப்பியது. முதலில் திருத்தங்களுடன் தொடர்வதென முடிவாயிற்று. பின்னர் அவ்வாண்டு டிசம்பரில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது.

நூல் நீங்கினும் சொல் நீங்கவில்லை. ஒரு சமூகத்தின் பெயர், ஆங்கிலத்தில் ‘ஒதுக்கப்பட்டவன்’ எனப் பொருள் திரிந்து, இந்நாட்டு மலாய்ப் பேச்சில் வசையாகவும் வழங்குகிறது. ஆகவே, அன்று பள்ளி மாணாக்கர் முன் எழுந்த கேள்வி இன்று கல்லூரியிலும் எழக்கூடும். ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து செல்லும் பிள்ளைகள், வீட்டைவிட்டு விடுதியில் தங்கிப் பல இனத்தவரோடு பயில்கின்றனர். வகுப்பில் சஞ்சிக்கூலி முறையும் சாதியும் பேசப்படும்போது அவ்வரலாறு சங்கடம் தரும். அதனைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால், அப்பிள்ளையைச் சுட்டி, “உன் சாதி என்ன?” என ஒருவர் கேட்க மற்றவர் நகைப்பாராயின், அங்கே தீங்கு தொடங்கிவிட்டது.

ஆசிரியர் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, புண்படுத்தக்கூடிய பகுதியை முன்னரே அறிவித்து, அதனை ஏன் படிக்கிறோம் என விளக்குதல். இரண்டாவது, எவரையும் தம் இனத்துக்கோ சாதிக்கோ பிரதிநிதியாக்கிப் பேசச் சொல்லாமை. மூன்றாவது, நூலிலுள்ள சொல்லை ஆராயலாம், அருகிலிருப்பவர்மீது வீசலாகாது என்னும் விதியைத் தொடக்கத்திலேயே கூறுதல். நான்காவது, இழிசொல் வந்துவிட்டால் அவ்விடத்திலேயே தடுத்தல். தனியே ஆறுதல் கூறுவது மட்டும் போதாது. பலர் முன் குறைந்த மதிப்பு பலர் முன்னேயே மீட்கப்பட வேண்டும். அதன்பின் அம்மாணாக்கரைத் தனியே கண்டு, அவருக்கு வேண்டுவது யாதெனக் கேட்டறிதல் நலம்.

பாதுகாப்பு என்ற பெயரால் இத்தகைய பேச்சை அறவே விலக்குவதும் தவறு. வகுப்பில் பேசாவிடின், நம் முன்னோர் வரலாற்றைப் பிள்ளைகள் தெருவில் கேட்கும் வசையாக மட்டுமே அறிவர்.

நாமும் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கு வந்தவர் அனைவரும் ஒரே சாதியினர் அல்லர் என்பது 2011இல் எழுந்த வாதங்களுள் ஒன்று. வரலாற்று நோக்கில் அது சரியே. எனினும், ‘நாங்கள் அவர்கள் அல்லோம்’ என்னும் தொனியில் அதைக் கூறினால், அச்சமூகத்தில் பிறந்த மாணாக்கர் இருமுறை ஒதுக்கப்படுகிறார். பிறர் ஒதுக்கினால் நம்மிடம் வருவார். நாமே ஒதுக்கினால் எங்கே செல்வார்? அப்பெயரில் இழிவு இல்லை. அதனை வசையாக்கியவர் செயலிலேயே இழிவு உண்டு. பெற்றோரும் தமிழாசிரியரும் இதனை முன்னதாகவே எடுத்துரைப்பாராயின், நம் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் தலைநிமிர்ந்து அமர்ந்து, கடினமான பேச்சுக்கும் அமைதியாக விடையளிப்பர்.